மழை பூஜ்யம்

கணினி மொழிக்கு வரும் திருத்தங்களைப் படித்து "சரி" போடுகிற வேலையில் சம்பளம் கிடையாது, பயம் மட்டும் தாராளம். அடுத்தவர் எழுதியதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூக்கம் வராமல் புரள்பவர்களே, இது உங்களுக்காக.

முதல் "சரி"

இலங்கை மலையகத்தில், ஹாலிஎல ஊருக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். மிச்ச நேரத்தில், யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பக்கூடிய ஒரு மொழியின் பரிசீலனைக் குழுவில் ஒருத்தி. முகம் பார்த்திராத பத்துப் பேர், பல நாடுகள். முதல் திருத்தத்தை ஏழு தடவை படித்தேன். பிறகுதான் "சரி" என்று எழுதினேன். குழுத் தலைவி உடனே பதில் போட்டார்: "நன்றி. ஏதாவது உடைந்தால் முதலில் உங்களைத்தான் கூப்பிடுவோம்."

பத்து நாள்

பிறகு வந்தது அந்தத் திருத்தம். ஓர் அளவு வந்து சேராவிட்டால் நிரல் இப்போது பிழை காட்டி நின்றுவிடும். இனி அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு ஓடட்டும் என்றார் ஒருவர். பத்து நாளுக்குள் தகுந்த மறுப்பு வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

மண்சரிவுக்குப் பயந்து நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே நான் வைத்திருக்கும் மழைமானி அந்த மொழியில்தான் ஓடுகிறது. மழை அளவு மீறினாலும் சங்கு ஊதும், அளவே வராமல் போனாலும் ஊதும். திருத்தம் வந்தால், கம்பி அறுந்த அன்று மழையே இல்லை என்று அது சும்மா இருந்துவிடும். என்னுடையதைப் பழைய பதிப்பிலேயே நிறுத்தலாம். இதே நிரலை வாங்கிப்போன மற்றத் தோட்டங்களை யார் நிறுத்துவது? இதையெல்லாம் எழுதினேன். திருத்தம் கொண்டுவந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "இப்படி உண்மையில் எங்காவது நடந்திருக்கிறதா?"

ஒன்பதாம் நாள்

நடந்ததில்லை என்று எழுத மனம் வராமல் தள்ளிப்போட்டேன். ஒன்பதாம் நாள் சாயங்காலம், பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு எல்லாரும் லயத்துக்கு வந்த நேரம், கொட்டுகிற மழையில் சங்கு ஊதியது. ஃபோனில் பார்த்தால் அளவைக் காணோம். கிளை விழுந்து கம்பி அறுந்திருக்கும், பொய்ச் சங்காக இருக்கலாம் என்று எனக்கே தெரியும். ஆனாலும் பயத்தில் கதவு கதவாகத் தட்டி எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றினேன். லயத்தின் கடைசி வீட்டுக் காம்பராவில் இருக்கும் செல்வி அக்கா வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.

ஒரு மணி நேரத்தில் மேட்டு மண் சரிந்து, அவர் குசினிச் சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. செய்தி வந்ததும் அக்கா திட்டுவதை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்: "சோத்துக்கு ஒல வச்சிட்டுத்தான் வந்தேன் டீச்சர். இந்நேரம் அடுப்புக்கிட்டதான் நின்னுருப்பேன்."

உதாரணம்

மறுநாள், கெடு முடியச் சில மணி நேரம் இருக்கையில், இடிந்த சுவரின் படத்தோடு எல்லாவற்றையும் எழுதிக் குழுவுக்கு அனுப்பினேன். திருத்தம் கொண்டுவந்தவர் எல்லாரும் நலமா என்று கேட்டார். தலைவி கெடுவை இன்னும் பத்து நாள் நீட்டிவிட்டு எழுதினார்: "மிக நல்ல உதாரணம். இதுபோல இன்னொன்று கிடைத்தால் நிராகரிக்க வசதியாக இருக்கும்."

மழை விடாத இந்த மாதத்தில், வாதத்தில் ஜெயிக்கவே ஆசைப்படாத பரிசீலகர் உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன்.