மேலிருந்து சுற்றிய டேப்

வெளியில் கிடக்கிற கேபிள் ஜாயின்ட்டில் அழகு பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும். மழைக்கு அழகும் தெரியாது, அசிங்கமும் தெரியாது. உள்ளே போக வழி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும்.

எண்பதுகளில் நாங்கள் படப்பை தாண்டி ஒரகடம் போகிற சாலையில் ஒரு வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு மறைமலை நகரில் ஒரு பாக்டரியில் ஃபிட்டர் வேலை. எனக்கு வீட்டு வேலையும் ஹாம் ரேடியோவும். சர்க்கார் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, வீட்டிலேயே டிரான்ஸ்மிட்டர் வைத்துக்கொண்டு, தூரத்தில் இருக்கிறவர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு அது. நானும் என் அண்ணனும் ஒரே வருஷம் பரீட்சை எழுதினோம். சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் மோர்ஸ் தந்திக் குறி தட்டிப் பழகி, அம்மாவிடம் திட்டு வாங்கினவர்கள் நாங்கள்.

பிறகு நான் ஒரு கிறிஸ்தவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டான். குன்றத்தூரில்தான் இருந்தான், பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். ஆனால் என் வீட்டு வாசலை அவன் மிதிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் கடைசியாகச் சொன்னது இதுதான்: "அவன் தொட்டது எதுவும் உருப்படாது. பாத்துக்கினே இரு." என் வீட்டுக்காரரோடு ஒரு நாள் உட்கார்ந்து பேசியிருப்பானா என்றால் அதுவும் இல்லை. பார்க்காமலே தீர்ப்பு எழுதுகிற ஜட்ஜ் குணம் எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு உண்டு.

ரேடியோவில் மட்டும் அவனால் என்னை ஒதுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடுவோம். நடத்துகிறவர் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். ஒருவர் பேசினால் மற்றவர், உன் குரல் எப்படிக் கேட்கிறது என்று ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் இருப்பது மரியாதைக் குறைவு. அண்ணன் மரியாதையில் குறை வைக்கிற ஆள் இல்லை. "ஃபைவ் நைன்" என்பான் எனக்கு. தெளிவும் பலமும் முழு மார்க் என்று அர்த்தம். தங்கச்சி என்று சொல்லமாட்டான், லைசென்ஸில் எனக்குக் கொடுத்த அழைப்புக் குறியைத்தான் சொல்வான். வாரத்துக்கு ஒரு ஃபைவ் நைன். அதை வைத்துக்கொண்டுதான் அத்தனை வருஷம் ஓட்டினேன்.

என் ஆன்டெனா மொட்டை மாடியில் ஒரு இரும்புக் குழாயின் மேல் இருந்தது. அதிலிருந்து இறங்குகிற கேபிள் நீளம் போதாமல், தலை உயரத்தில் ஒரு ஜாயின்ட் போட்டிருந்தேன். இந்தக் கேபிளில் நடுவே ஒரு செம்புக் கம்பி, அதன் மேல் வெள்ளை பிளாஸ்டிக், அதைச் சுற்றிச் செம்புப் பின்னல், எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு உறை. பின்னலில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி ஏறிவிடும். அதனால் சைக்கிள் டியூபை ஒல்லியாக நறுக்கி, இழுத்து இழுத்து, கீழேயிருந்து மேலே சுற்றுவேன். ஓடு வேய்கிறவன் தாழ்வாரத்தில் ஆரம்பித்து மேலே போவதில்லையா, அது போல. ஒவ்வொரு சுற்றும் கீழ்ச்சுற்றின் மேல் பாதி ஏறி உட்கார வேண்டும். அதற்கு மேல் டேப், அதுவும் கீழேயிருந்து. அதற்கு மேல் உருக்கிய தார்.

பார்க்கச் சகிக்காது. ஆனால் என் ஜாயின்ட் ஒரு மழைக்கும் ஒழுகினதில்லை. ஹாம்கள் கூடுகிற இடத்தில் என்னைச் செய்து காட்டச் சொல்வார்கள். அண்ணனும் வந்து உட்கார்ந்து என் கையையே பார்ப்பான், முகத்தைப் பார்க்கமாட்டான். ஒரு முறை பக்கத்திலிருந்தவரிடம், "இவ சுத்தினா கடல்ல போட்டாலும் தண்ணி பூராது" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அன்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

மகள் பிறந்து வளர்ந்து, காது குத்தும் பேச்சு வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். அதில் எந்தச் சாமிக்கும் தகராறு கிடையாது, மாமியாரே ஒத்துக்கொண்டார். ஒரு ஞாயிறு, எல்லோரும் பேசி முடித்துப் போன பிறகு, அண்ணன் இன்னும் செட்டை அணைக்கவில்லை என்று தெரிந்து மைக்கை எடுத்தேன்.

"அண்ணா, பாப்பாவுக்குக் காது குத்தணும். உன் மடியிலதான் குத்தணும்."

காற்றில் அவனை அண்ணா என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை. "அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்றான். எனக்கு அந்த வாரம் முழுக்க கால் தரையில் பாவவில்லை.

அந்த வாரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. பாக்டரியில் ஆயுத பூஜை என்றால் என் வீட்டுக்காரருக்குக் கொண்டாட்டம். லைன் முழுக்கத் தண்ணீர் அடித்துக் கழுவி, மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைக்கிற வரைக்கும் இவர்தான் முன்னே நிற்பார். ஞாயிறு சர்ச்சில் ஜெபிக்கிற கையால் இதையும் செய்கிறாயே என்று மாமியார் கேட்டால், "சோறு போடுற மெஷினைக் குளிப்பாட்டினா கர்த்தர் கோச்சிக்க மாட்டாரும்மா" என்பார்.

அந்த வருஷம் அவருக்கு ஒரு நினைப்பு வந்திருக்கிறது. பூஜை நடந்த வீட்டில் பிறந்தவள் நான், கல்யாணத்துக்குப் பிறகு என் சாமான்களுக்கு ஒரு பொட்டுகூட வைத்ததில்லை என்று. நான் படப்பைக் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பினபோது டிரான்ஸ்மிட்டர் துடைத்துப் பளிச்சென்று இருந்தது, மேலே ஒரு சாமந்திப் பூ. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணன் வருவாருல்ல, எல்லாம் நீட்டா இருக்கட்டும்" என்றார். மாடியிலும் அவர் கை வைத்தார் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை இரவே மழை பிடித்துக்கொண்டது. ஞாயிறு காலை செட்டைப் போட்டால் குரல்கள் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி மங்கலாக வந்தன. என் முறை வந்து பேசினேன், யாருக்கும் கேட்கவில்லை. மீட்டர் முள் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது, பவர் வெளியே போக வழியில்லாமல் செட்டுக்குள் இருக்கிற வால்வின் தகடு செக்கச் செவேலென்று சிவந்தது. தண்ணீர் புகுந்த கேபிளில் வருவது ஏதோ கொஞ்சம் வரும், போவது போகாது.

எல்லோரும் போன பிறகு அண்ணன் என்னைக் கூப்பிட்டான். குறியைச் சொல்லி அல்ல.

"தங்கச்சி, கேக்குதா? நான் வரேன். உன் வூட்டுக்காரரும் ஒரு வார்த்தை கூப்ட்டா நல்லாருக்கும். மைக்கை அவருகிட்ட குடு."

லைசென்ஸ் இல்லாதவர் மைக்கில் பேசக் கூடாது என்பது சட்டம். சட்டப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவன் அவன். அவன் வாயிலிருந்து இது வருவதென்றால் எவ்வளவு இறங்கி வந்திருக்க வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும். ஒருவேளை கேட்டுவிடாதா என்று, பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரிடம் மைக்கை நீட்டினேன். அவர் அதைப் பிரசாதம் வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார்.

"மச்சான், வாங்க மச்சான். நம்ம வூடு இது. வாங்க."

தகடு சிவந்ததுதான் மிச்சம். அண்ணன் மறுபடி கேட்டான். இவர் மறுபடி கூப்பிட்டார், தொண்டை நரம்பு புடைக்கக் கூப்பிட்டார். அண்ணன் மூன்றாம் முறையும் கேட்டான்.

"சரிம்மா. அவருக்கு மனசில்ல, புரிஞ்சிது" என்றான். இரைச்சல் மட்டும் மிஞ்சியது.

மழையிலேயே மாடிக்கு ஓடினேன். என் கறுப்புத் தார் இல்லை, டியூப் இல்லை. சுரண்டித் துடைத்து, புத்தம் புதுச் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. சுருக்கம் இல்லாமல், மேலேயிருந்து கீழே. ஒவ்வொரு சுற்றின் விளிம்பும் வானத்தைப் பார்த்து வாய் திறந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு சந்தனப் பொட்டு கரைந்து வழிந்தது. பிரித்தேன், தண்ணீர் என் முழங்கை வரை ஓடியது.

பின்னாலேயே வந்து நின்றார். "அழுக்கா இருந்திச்சே. அதான் சுத்தம் பண்ணேன். இன்னா, தப்பாயிடுச்சா?"

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். குரங்காக இருந்தாலும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், இது அதற்கும் உதவாது. அவரை வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும் போலிருந்தது. அந்த முகத்தைப் பார்த்து எப்படித் திட்டுவது? ஒன்றும் இல்லை, பழைய கேபிள் என்று சொல்லிவிட்டு குன்றத்தூர் பஸ்ஸைப் பிடித்தேன்.

அண்ணன் வாசலிலேயே நின்றான், உள்ளே வா என்று சொல்லவில்லை.

"அண்ணா, நீ பேசினதெல்லாம் கேட்டுது. அவரும் உன்னைக் கூப்ட்டாரு. எங்களுது போவல. மாடி ஜாயின்ட்ல தண்ணி பூந்துடுச்சு."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே இல்லை. "வேற எதுனா சொல்லு. உன் ஜாயின்ட்ல தண்ணி பூந்துச்சாம். அது நீ சுத்தினதா?"

நான் சுத்தலை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பின்னே யார் என்பான். சொன்னால், அவன் தொட்டது எதுவும் உருப்படாது என்ற தீர்ப்புக்கு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகும். காது குத்த வந்தாலும் அந்தச் சிரிப்போடுதான் வந்து என் வீட்டில் உட்காருவான். மைக்கை இரண்டு கையாலும் வாங்கினவரை இவன் வாயில் போட நான் தயாராக இல்லை.

"நான்தான் சுத்தினேன்" என்றேன்.

"அப்போ தண்ணி பூந்திருக்காது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான்.

வீட்டில், அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லையாம் என்றேன். காது குத்துகிற அன்று ஆசாரி தாய்மாமனைக் கேட்டபோது என் வீட்டுக்காரரே மகளை மடியில் வைத்துக்கொண்டார். ஜாயின்ட்டை நான் திரும்பக் கீழேயிருந்து சுற்றித் தார் பூசினேன். அது பிறகு ஒழுகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் என் குறியைச் சொல்லி ரிப்போர்ட் கொடுத்துக்கொண்டுதான் இருந்தான். குரல் தெளிவாகக் கேட்கிறது, ஃபைவ் நைன் என்று.