என் மேசையில் மகளின் வெள்ளம்

என் அறையில் நான் இல்லாத நேரத்திலும் வேலை நடக்கிறது. காலைத் துப்புரவு வேலை முடித்து வந்து கதவைத் திறந்தால், மேசையில் இருக்கும் மடிக்கணினியின் திரையில் அம்புக்குறி தானாக ஊர்ந்துகொண்டிருக்கும். யாரும் தொடாமலே ஒரு பெட்டி திறக்கும், ஒரு கோடு நீளும், ஏதோ பிழையாகிவிட்டது போல அந்தக் கோடு அழியும். பக்கத்து அறைக்காரன் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டுப் பேயைக் கண்டவன்போல் நின்றான். அது பேயில்லை. என் மூத்த மகள் வதனி. ஊரில், சித்தாண்டியில், எங்கள் வீட்டு உள்அறையில் இருந்துகொண்டு, சுவிஸ் நாட்டில் இருக்கும் என் மேசையில் அவள் வேலை செய்கிறாள். நான் மேசையின் மறுபக்கத்தில் தட்டை வைத்துச் சோறு சாப்பிடுகிறேன். அந்த ஒரு மணித்தியாலம் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் இருக்கிறோம்.

இது கடையில் வாங்கும் சாதாரண மடிக்கணினி இல்லை. வேர்க்ஸ்டேசன் என்பார்கள். கட்டடம், பாலம் எல்லாம் வரைகிறவர்கள் வைத்திருப்பது. தூக்கினால் கைக்குழந்தையின் பாரம். சார்ஜர் மட்டுமே ஒரு செங்கல் அளவு. நான் தரை துடைக்கும் கட்டட வரைஞர் அலுவலகத்தில் புதியவை வந்தபோது பழையதை வேலையாட்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளுக்கு அனுப்பத்தான் வாங்கினேன். ஆனால் பழுதானால் கம்பெனியே திருத்தித்தரும் வொறண்டி இந்த நாட்டுக்குள் மட்டும்தான் செல்லும். ஊரிலோ கரண்ட் எப்போது போகும், மின்னல் எப்போது அடிக்கும் என்று தெரியாது.

"பொட்டி அங்கயே கிடக்கட்டும் அப்பா" என்றாள் வதனி. "நான் என்ர சின்ன லெப்டொப்பால ஒங்கட அறைக்கு வாறன்."

அந்த "வாறன்" என்ற சொல் எனக்கு என்ன செய்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. குடும்பத்தைக் கூப்பிடுவதற்கு நான் கொடுத்த விண்ணப்பம் இழுபட்டு இழுபட்டு, மகளுக்கு வயது கடந்துவிட்டது. மனைவியையும் சின்னவனையும் வேண்டுமானால் ஒருநாள் கூப்பிடலாம், மகளை முடியாது என்று குடிவரவுக் கந்தோரில் சொல்லிவிட்டார்கள். ஆக அவள் வருவது இந்த வழியால் மட்டும்தான்.

அவளுடைய கடைசி வருட வேலை எங்கள் ஊர் வெள்ளத்தைப் பற்றியது. அடைமழைக்கு ஆறு பெருகி, வாவியும் நிறைந்து தண்ணீர் வடியாமல் நின்றால், எந்த வயல்வெளி வட்டைக்குள் முதலில் ஏறும், எந்த வயல் தப்பும், எந்தத் தெரு மூழ்கும் என்று கணினியில் ஓடவிட்டுப் பார்ப்பது. அவள் சிறுமியாக இருந்தபோது அப்படி ஒரு வெள்ளத்தில் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடியிருக்கிறேன். முழங்காலில் இருந்த தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது, "அப்பா, தண்ணிக்கு எங்கட வீடு எப்பிடித் தெரியும்?" என்று மேலே இருந்து கேட்டாள். எனக்கு மூச்சு வாங்கியது, அவள் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இப்போது அவளே அதற்குப் பதில் தேடுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

கார்த்திகை மாதம் கணினிக்கு வருத்தம் வந்தது. சின்னக் கணக்குகளுக்கு ஓடும். முழு ஊருக்கும் வெள்ளத்தை விட்டால் பாதி வழியில் உள்ளே இருக்கும் காற்றாடி இரைந்து, திரை கறுத்து, அப்படியே அணைந்துவிடும். ஒப்படைக்க ஒரு கிழமைதான் இருந்தது. தவறினால் அடுத்த வருடத்துப் பிள்ளைகளோடு நிற்க வேண்டும். பல்கலைக்கழகத்துக் கணினிகள் இந்தப் பாரத்தைத் தாங்காது. தொலைபேசியில் அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன்.

"பின்பக்கம் ஓட்டையள் இரிக்கா அப்பா? அதுக்குள்ள புழுதி அடைச்சிரிக்கா பாருங்க."

"புழுதி இல்ல மகள். நான் தினமும் துடைக்கிறன்."

"வெளியால துடைச்சா உள்ளுக்கு எப்பிடிப் போகும்? நீங்க என்ன, பொட்டியக் குளிக்க வாக்கிறீங்களா?"

காற்றடிக்கும் டின் வாங்கி ஊதினேன். இரண்டு மரத்துண்டு வைத்து உயர்த்தினேன். வயரை வேறு சுவரில் செருகினேன். வயரைக் கழற்றிவிட்டுப் பொத்தானை அமத்திப் பிடித்தேன். மறுபடி பாதியில் படுத்தது. கடைசியில் கம்பெனிக்கு அழைத்தேன். ஒரு சோதனையை ஓடவிடச் சொன்னார்கள். சிவப்பில் வந்த இலக்கத்தை வாசித்தேன். உள்ளே ஒரு காற்றாடி பழுது, நாளைக்கு ஆள் வீட்டுக்கு வருவார் என்றார்கள்.

தொலைபேசியில் இதைக் கேட்டு மனைவி சிரித்தாள். "பொட்டிக்கு வருத்தம் எண்டா அடுத்த நாளே ஆள் வாறான். போன மாசம் ஒங்களுக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒருத்தனும் எட்டிப் பாக்கல்ல. நீங்களும் ஒரு வொறண்டி எடுத்து வைங்க."

நானும் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். இந்த அறைக்கு நான் வந்ததிலிருந்து என்னைத் தேடி யாரும் உள்ளே வந்து இருந்ததில்லை. கதவடியில் நின்று பேசிவிட்டுப் போவார்கள். ஊரில் கரண்ட் வேலைக்கு ஒருவர் வந்தாலும் முதலில் உட்காரக் கதிரை போடுவோம், பிறகுதான் எந்தக் கம்பி என்று கேட்போம். என்னிடம் ஒரு கதிரைதான் இருந்தது. பக்கத்து அறைக்காரனிடம் இன்னொன்று வாங்கினேன். மேசைக்கு நல்ல விரிப்புப் போட்டேன். இஞ்சி தட்டித் தேத்தண்ணி ஊற்றி, வாழைப்பழமும் வைத்தேன்.

சொன்ன நேரத்துக்கு மணி அடித்தது. இளம் ஆள். வாசலிலேயே சப்பாத்துக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு வந்தான். கதிரையைக் காட்டினேன், அவன் அதில் உட்காரவில்லை. என் விரிப்பை நான்காக மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுத் தன் சாம்பல் நிறப் பாயை மேசையில் விரித்தான். தேத்தண்ணியை நீட்டினேன்.

"நைன், நைன்", வேண்டாம் என்று கையால் மறித்தான்.

கோப்பையோடு சுவரோரம் நின்றேன். திறந்த கணினிக்குப் பக்கத்தில் தண்ணீர் கூடாது என்பதற்காகத்தான் மறித்தான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அந்த நேரம் முகத்தில் அடித்தது போலத்தான் இருந்தது.

காற்றாடியை மாற்றி, காய்ந்துபோயிருந்த சூடு கடத்தும் பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவி மூடினான். போட்டுப் பார்த்தான். எல்லாம் சரி என்று அவன் தலையாட்டிய கணத்தில் அம்புக்குறி ஓடத் தொடங்கியது. அவன் கையை எடுத்துவிட்டான். அம்பு நிற்கவில்லை, ஒரு வரைபடத்தைத் திறந்தது.

"யாரோ உங்கள் கணினிக்குள் இருக்கிறார்கள்!" என்று ஜெர்மனில் சொல்லிக்கொண்டே இணையத்தைத் துண்டிக்கப் போனான்.

"வேண்டாம், வேண்டாம்! அது என் மகள்!"

"மகளா? எங்கே?" அறையைச் சுற்றிப் பார்த்தான். ஒரு கட்டில், இரண்டு கதிரை.

ஸ்ரீலங்கா என்றேன். அவன் நம்பவில்லை. வீடியோவில் அழைத்தேன். ஈரத் தலையோடு வதனி வந்தாள்.

"என்னப்பா, சரி வந்திட்டா? நான் உள்ள வந்திட்டனே!"

"நீ வந்ததுதான் பிரச்சினை. ஒன்னைக் கள்ளன் எண்டு பிடிக்கப் பாக்கிறான்."

அவள் சிரித்துக்கொண்டே அவனுக்கு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினாள். அவனும் சிரித்தான். குனிந்து திரையில் இருந்த வரைபடத்தை வெகுநேரம் பார்த்தான். அப்போது தானாகவே கதிரையை இழுத்து அதில் உட்கார்ந்தான். ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் குடித்தான். என் வீடு எங்கே என்று கேட்டான். விரலால் காட்டினேன். அந்த இடம் முழுவதும் நீலமாக இருந்தது.

"தண்ணீருக்குள்ளா?"

"மழைக்காலத்தில்."

"அப்படியானால் நீங்கள் இங்கே இருப்பது நல்லது" என்றான். அன்போடுதான் சொன்னான். தண்ணீர் ஏறும்போது அங்கே நிற்க முடியாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் வாளி, துடைப்பம், நன்றி, மன்னிக்கவும் என்பதைத் தாண்டி அதிக தூரம் போகாது. "நன்றி" என்றேன்.

அவன் போனபிறகு வதனி முழு ஊருக்கும் கணக்கை ஓடவிட்டாள்.

"விடியறதுக்குள்ள முடிஞ்சிரும் அப்பா. நாளைக்கே ஒப்படைச்சிருவன். இனி ஒங்கட மேசை ஒங்களுக்கு."

"எனக்கென்னத்துக்கு மேசை?"

"விரிப்பப் போட்டு வடிவாச் சாப்பிடுங்க. நான் கொஞ்சம் படுத்து எழும்பப் போறன்."

அங்கே இரவாகிவிட்டது. இங்கே வேலைக்குப் போனவர்கள் திரும்பும் நேரம். படியில் காலடிகள் ஏறின, ஒவ்வொரு கதவாகச் சாத்தப்பட்டது. பழையபடி பாதியில் நின்றுவிடுமோ என்ற பயத்தில் நான் காவல் இருந்தேன். நிற்கக் கூடாது என்று வேண்டினேன். முடிந்துவிட்டால் அவளுக்கு இங்கே வர வேலை இருக்காது, மெதுவாக ஓடினால் நல்லது என்றும் ஒரு பக்கம் நினைத்தேன். பாதியைத் தாண்டியது. காற்றாடி இரையவில்லை, சீராக ஊதியது. ஊதுகிறதா என்று பார்க்கப் பக்கவாட்டில் கையை வைத்தேன். சூடான காற்று வந்தது. இந்த அறையின் ஹீற்றர் பெயருக்குத்தான் சுடும், விரல்கள் விறைத்திருந்தன. திரையில் நீலம் வயல்களை மூடி, கோயில் வீதியைக் கடந்து, வேலி வேலியாக வந்துகொண்டிருந்தது. அங்கே தண்ணீர் ஏற ஏற இங்கே காற்றின் சூடு கூடியது. எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கைக்குள் நீலம் நுழைந்தபோது கை நன்றாக இளகியிருந்தது. எடுக்க மனம் வரவில்லை. மற்றக் கையையும் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன்.