லாரி பெயிண்டில் ஒரு நீலக் கதவு

எங்கள் வீட்டில் எந்தக் காலத்திலும் பெயிண்டுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அப்பா நாமக்கல்லில் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறார். லாரிக்கு அடித்தது போக மிஞ்சுவதெல்லாம் வீட்டுக்கு வந்துவிடும். அதனால் எங்கள் கேட் பச்சை, கட்டில் கால்கள் ஆரஞ்சு, குளியலறைக் கதவு மெரூன். பின்பக்கச் சுவரில் ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுதாததுதான் பாக்கி என்று அம்மா சொல்வாள். இதெல்லாம் அழகில்லை என்று எனக்கு யாரும் சொல்லாததால் நான் அழகு என்றே நினைத்து வளர்ந்தேன்.

ஐந்தாவது முடிந்த கோடை விடுமுறையில் என்னை ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று முடிவானது. எங்கள் பக்கம் கோழிப்பண்ணையும் ஹாஸ்டல் பள்ளிக்கூடமும் அதிகம். இரண்டிலும் விடியும் முன்பே விளக்கு எரியும். எங்கெங்கோ இருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கிற ஊரில் இருந்துகொண்டு நாம் சேர்க்காமல் விட்டால் எப்படி என்பது அம்மாவின் கட்சி. அந்தப் பள்ளிக்கூடம் பஸ்ஸில் போனால் அரை மணி நேரத் தூரம்தான். ஆனாலும் உள்ளேயே தங்கினால்தான் படிப்பு மண்டையில் ஏறும் என்று சொல்லியிருந்தார்கள்.

“இங்கிருந்தே பஸ்ஸுல போயிட்டு வரட்டுமே அண்ணி” என்று அத்தை ஒரே ஒரு தடவை சொன்னாள். அம்மா காது கேட்காத மாதிரி என் புதுத் துணிகளில் பெயர் தைத்துக்கொண்டிருந்தாள்.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். இருபத்தைந்தைத் தாண்டியிருக்கும், மாப்பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பெரியவர்களிடம் ஆமாங்க, இல்லீங்க என்பதோடு பேச்சை முடித்துவிடுவாள். என்னிடம் மட்டும் ஓயாமல் பேசுவாள். பிளஸ் டூ வரைக்கும் படித்தவள் என்று தெரியும். எங்கே படித்தாள் என்று நான் கேட்டதுமில்லை, வீட்டில் யாரும் சொன்னதுமில்லை. பட்டறைக்கு மதியச் சோறு கொண்டுபோவது அவள் வேலை. போனால் சட்டென்று திரும்ப மாட்டாள். அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை அங்கே நடக்கிற பெயிண்ட் வேலையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அத்தைக்கு நகம் கிடையாது. நம்ப மாட்டீர்கள், ஆனால் அப்படித்தான் சொல்ல வேண்டும். பத்து விரலிலும் சதை தெரியும்படி கடித்து வைத்திருப்பாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு விரல்களை மடக்கிக்கொள்வாள். நின்றாலும் நடந்தாலும் அந்தக் கை மடங்கியேதான் இருக்கும். பால் மறக்கடிக்கிற தாய்மார் செய்வதைப் போல அம்மா அவள் விரல் நுனியில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள். அத்தை அதைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டுக் கடித்தாள்.

இப்படிப்பட்ட அத்தை ஃபோனில் பார்த்ததெல்லாம் நகத்தில் படம் வரைகிற வீடியோக்கள். மத்தியானம் முழுக்கச் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்ப்பாள். நான் அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டு பார்ப்பேன். அந்த மே மாதம் ஒரே ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். அதில் ஒரு கை. ஒவ்வொரு நகத்திலும் கடலோரக் கிராமத்தின் ஒரு துண்டு: சொரசொரப்பான வெள்ளைச் சுவர், அதில் ஒரு நீலக் கதவு, ஓட்டுக்கூரை, எலுமிச்சைக் கொத்து. நடுநடுவே அந்தக்காலத்துச் சமாச்சாரங்கள்: காப்பிக் கலரும் ஆரஞ்சுமாகப் பட்டைப் பட்டைக் கோடுகள், பெரிய பெரிய பொட்டுகள், ஒரு கேசட்.

“இது எந்த ஊரு அத்தை?”

“மத்தியதரைக் கடலாமா. அங்கெல்லாம் ஊட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சு, கதவுக்கு மட்டும் நீலம் அடிச்சுருவாங்களாமா.”

அந்த ஊரிலும் யாரோ ஒரு லாரி பெயிண்டர் மிச்சமான நீலத்தை வீட்டுக்குக் கொண்டுபோகிறார் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஹாஸ்டலுக்குப் போவதற்கு முந்தின நாள் மத்தியானம் அம்மா எனக்குப் பெட்டியும் வாளியும் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தாள். அத்தை பட்டறையில் இருந்து பாட்டில் மூடிகளில் பெயிண்ட் கொண்டுவந்திருந்தாள். வெள்ளை, நீலம், எலுமிச்சை மஞ்சள், செங்கல் நிறம். எல்லாம் ஏதேதோ லாரிகளின் மிச்சம். என்னை உட்கார வைத்து, ஒரு வட்டிலைக் கவிழ்த்து அதன்மேல் என் விரல்களைப் பரப்பினாள். முதலில் தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் ஒவ்வொரு நகத்தையும் தேய்த்தாள். கூச்சத்தில் நெளிந்தேன்.

“செத்த பொறுத்துக்க சாமி” என்றாள்.

பிறகு ஒரு சின்ன டப்பாவில் இருந்து எதையோ சொட்டுச் சொட்டாக எல்லா மூடிகளிலும் கலந்தாள். மூக்கைத் துளைக்கிற நெடி. தூசி ஒட்டிவிடும் என்று ஃபேனை நிறுத்திவிட்டாள். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் ஒரு துணுக்கைக் கிள்ளி வெள்ளையில் தோய்த்து ஒற்றி ஒற்றி எடுத்தாள். நகத்தில் காரைச் சுவர் எழும்பியது. லாரியில் கோடு இழுக்கிற பிரஷ்ஷின் முடிகளை வெட்டி நாலைந்தை மட்டும் விட்டு, அதால் கதவு வரைந்தாள். கதவு நகத்தின் அடியில், சதையை ஒட்டி இருந்தது. மேலே சுவர், அதற்கு மேலே ஒரு நூல் அளவுக்கு வானம். இடது கட்டை விரலில் இருந்தது அந்தக் கதவு. வலது கட்டை விரலில் கேசட். அந்த மாதிரி கேசட்டுகள் தன் சின்ன வயதில் வீட்டில் நிறையக் கிடந்தன என்றாள். கொண்டை ஊசியின் தலையைத் தோய்த்துப் பொட்டுகள் வைத்தாள். வீடியோவில் ஆலிவ் இலை ஒன்று இருந்தது. நாங்கள் இருவருமே ஆலிவைப் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வேப்பங்கொப்பை வரைந்து பழத்தையும் தொங்கவிட்டாள். கேட்கிறவர்களிடம் ஆலிவ் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றாள்.

முடிந்ததும் பட்டறையில் லாரியை நிறுத்துவது போல என்னை வாசல் வெயிலில் உட்கார வைத்தாள். நான் விரல்களை விரித்துக்கொண்டு ஊருக்கே ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அத்தை பக்கத்தில் குந்தியிருந்தாள்.

“இதை வாயில வெச்சராத சாமி. வெசம். என்ன ஆனாலும் வாயில வெக்கக் கூடாது, கேட்டுச்சா?”

இதையே அன்று சாயங்காலம்வரை திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. ஆறாவது போகப் போகிறவள் விரல் சூப்புவேனா?

அம்மா வாளியோடு உள்ளே வந்தாள், என் கையைப் பார்த்தாள், வாளியைக் கீழே போட்டாள். பள்ளிக்கூடத்தில் மருதாணிகூடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பக்கத்து வீட்டில் இருந்து ரிமூவர் வாங்கி வந்து பாட்டிலையே காலி செய்தாள். படங்கள் துடைத்து வைத்த மாதிரி இன்னும் பளபளத்தன. மண்ணெண்ணெய், தின்னர், அம்மாவின் கோபம், எதற்கும் அசையவில்லை.

“ஏனம்மிணி, நெயில் பாலிஷுக்கும் லாரிக்கு அடிக்கறதுக்கும் வித்தியாசந் தெரியாதா உனக்கு? பெயிண்டர் ஊட்டுப் புள்ளதானே நீ?”

“தெரியலீங்க அண்ணி” என்றாள் அத்தை, தலையைக் குனிந்துகொண்டு.

அப்பா வந்ததும் அம்மா என் கையை அவரிடம் நீட்டினாள். அவர் கதவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். கை கழுவப் போய்விட்டார். அத்தைக்கு விழ வேண்டிய திட்டில் பாதி குறைந்துவிட்டதே என்று எனக்கு நிம்மதி.

ஹாஸ்டலில் வார்டன் மிஸ்ஸும் தன் பங்குக்கு ஒரு பாட்டில் ரிமூவரைத் தீர்த்தார். கடைசியில், வளர வளர வெட்டிவிடலாம், அதுவரை யார் கண்ணிலும் படக் கூடாது என்று பத்து விரலிலும் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார். அதோடு என் கதை முடிந்தது. எனக்கு ஏதோ தொற்று நோய் என்று சாப்பாட்டுக் கூடத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஆலிவ் என்று சொல்லிக்கொள்ள யாரும் கேட்கவுமில்லை. சில வாரங்களில் வார்டனுக்கே அலுத்துப்போய் ஒட்டுவதை விட்டுவிட்டார். ஆனால் ‘பிளாஸ்திரி’ என்ற பெயர் எனக்கு ஒட்டிக்கொண்டது. அந்த வருஷம் முழுக்க எனக்கென்று ஒரு சிநேகிதி இல்லை.

சாயங்காலப் படிப்பு நேரத்தில் நீளமான ஹாலில் வரிசை வரிசையாக உட்கார்ந்திருப்போம். பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, தலையைத் திருப்பக் கூடாது. மிச்சம் இருப்பது நகம் ஒன்றுதான். ஹால் முழுக்க நறுக் நறுக்கென்று கேட்கும். என் கையும் எத்தனையோ முறை வாய்வரைக்கும் போயிருக்கிறது. உதட்டில் படும்போது வெசம் என்று ஞாபகம் வரும். கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு கட்டை விரலைப் பார்ப்பேன். அந்தக் கதவுக்குப் பின்னால் எங்கள் வீடு இருப்பதாகவும், உள்ளே அத்தை சத்தத்தைக் குறைத்து வைத்து ஃபோன் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் நினைத்துக்கொள்வேன். கதவு சாத்தியே இருக்கும். எனக்கு அழுகை வரும். அழுதால் வார்டன் எழுப்பி நிறுத்துவார் என்பதால் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே அழப் பழகினேன்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டார் வந்து பார்க்கலாம். முதல் தடவை அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். அம்மா முறுக்கும் அவித்த முட்டையும் கொண்டுவந்து, எனக்கு ஊட்டிவிட்டுக்கொண்டே அழுதாள். அத்தை வரவில்லை. தலைவலியாம். அடுத்த தடவையும் வரவில்லை. ஏதோ வேலையாம். திட்டு வாங்கியதற்கு என்மேல் கோபம் என்று முதலில் நினைத்தேன். பிறகு மறந்தே போய்விட்டாள் என்று நினைத்தேன். இரண்டாவதுதான் அதிகம் வலித்தது. படுத்தால் அதே நினைப்பாக இருந்தது.

மூன்றாவது தடவை அப்பா வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

“உங்கத்தையும் வந்துருக்கறா. வண்டியிலயே இருக்கறாளாமா.”

நான் முறுக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். கேட்டுக்கு வெளியே பிள்ளைகளை விட மாட்டார்கள். கம்பிகளைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் பட்டறை வேன் நின்றது. அத்தை முன் சீட்டில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, பள்ளிக்கூடத்துப் பக்கமே திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். “அத்தை!” என்று கத்தினேன். இரண்டு கைகளையும் கம்பிக்கு வெளியே நீட்டிப் பத்து விரல்களையும் ஆட்டினேன். வாரா வாரம் வெட்டியதில் வானமும் போய், சுவரும் போய், நகத்தின் நுனியில் கதவு மட்டும்தான் நின்றது.

அத்தை திரும்பினாள். கண்ணாடியை இறக்கி என் கைகளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் கைகளையே பார்த்தாள், முகத்தைப் பார்த்தது அப்புறம்தான். பிறகு கையைத் தூக்கினாள். மூடிய கை. விரலைப் பிரித்து ஒரு டாட்டாகூடக் காட்டவில்லை. இறங்கி வா என்று கத்தினேன். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

அதற்கடுத்த வாரங்களில் கதவும் நெயில் கட்டரில் போய்விட்டது. செய்தித்தாளில் உதிர்ந்து கிடந்த நீலத் துணுக்கை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அத்தைமேல் இருந்த கோபத்தில் எடுக்கவில்லை. அடுத்த வருஷம் எப்படியோ சிநேகிதிகள் கிடைத்தார்கள். அத்தையும் தம்மம்பட்டிப் பக்கம் கல்யாணம் ஆகிப் போனாள்.

அம்மா ஆசைப்பட்டபடி நான் டாக்டர் ஆகவில்லை. திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறேன். போன லீவில் பட்டறைக்குச் சோறு கொண்டுபோயிருந்தபோது அப்பா ஒரு லாரியின் முன்பக்கத்தை ஈர உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று சும்மாதான் கேட்டேன்.

“தேய்க்காம அடிச்சா உரிஞ்சுரும் சாமி. தேச்சு, பெயிண்டைக் கெட்டியாக்கற ஹார்ட்னரும் கலந்து அடிச்சோம்னா அப்பறம் தலைகீழா நின்னாலும் போகாது.”

அவர் ஒரு சின்ன டப்பாவைத் திறந்தார். அதே நெடி. நான் சோற்றுத் தூக்கைக் கீழே வைத்தேன்.

“அத்தைக்கு இது தெரியுமாப்பா?”

அவர் டப்பாவை மூடினார்.

“அவளுக்குத் தெரியாதா? அன்னைக்கு உங்கையப் பார்த்ததுமே எனக்கு வெளங்கிப் போச்சு. அவளும் அதே ஹாஸ்டல்லதான் ரெண்டு வருசம் இருந்தா. போறப்ப அவளுக்கு நகமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.”

கேட்டின் கம்பிகளுக்கு இடையில் கையை நீட்டிக்கொண்டு, இறங்கி வராத அத்தையை அன்றைக்கு மனசுக்குள் என்னவெல்லாமோ திட்டினேன். அந்தக் கேட்டைத் திரும்பிப் பார்க்கவே முடியாதவள், என் விரல்களில் நகம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அங்கே வந்து உட்கார்ந்திருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.