மகளின் முதல் துவக்கும் என் தம்பியும்

அந்த வருடம் சரஸ்வதி பூசையன்று, மகளின் கணிதப் புத்தகத்துக்கும் வயலினுக்கும் நடுவில் ஒரு துவக்கு படுத்திருந்தது. காற்றழுத்தத்தில் சுடும் சிறுவர் துவக்கு. இளநீலப் பிடியில் மனைவி சந்தனப் பொட்டு வைத்திருந்தாள். குழலுக்குள்ளால் ஓடிய சிவப்பு நூல் இரண்டு முனையிலும் வெளியே தொங்கியது. உள்ளே குண்டில்லை என்று தூரத்தில் நிற்பவருக்கும் தெரிவதற்காக அப்படிப் போடுவார்கள். பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டியதைச் சாமிக்கு முன்னால் வைக்கலாமோ என்று எனக்கு மனம் ஒப்பவில்லை. "பிள்ளை பழகிற சாமான் எல்லாம் வைக்கிறதுதானே. பூசை முடிய நீங்கள் பூட்டுங்கோ" என்றாள் மனைவி. அந்த நேரம் வாசல் மணி அடித்தது. பிராங்பேர்ட்டிலிருந்து தம்பி வந்துவிட்டான்.

துவக்கு எங்கள் வீட்டுக்குள் வந்தது விளையாட்டாகத்தான். நாங்கள் இருந்தது பிராங்பேர்ட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளிய சிறிய ஊர். திருவிழா, வாத்தியக் குழு, கல்யாண விருந்து எல்லாம் அந்த ஊரின் சுடும் கழக மண்டபத்தில்தான். தெருவில் உள்ள பிள்ளைகளெல்லாம் அங்கே போனார்கள். பத்து வயதில் என் மகளும் போனாள். முதலில் வெளிச்சம் மட்டும் பாய்ச்சும் துவக்கு. பயிற்சியாளர் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி. அவர் சொல்வதையெல்லாம் நான் சேர்த்து வைத்துக்கொள்வேன். "விரலுக்கு வேலை கடைசியில்தான்" என்பார். முதல் துவக்கு வாங்க அவரையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனபோது, வளர்கிற பிள்ளைதானே என்று ஒரு சைஸ் பெரிதாக எடுத்தேன். சப்பாத்து வாங்கும் அதே புத்தி. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இது குளிர்ச்சட்டை இல்லை, கையை மடித்துவிட. முதுகு பின்னால் வளைந்தால் துவக்குத்தான் பிள்ளையைப் பிடித்திருக்கிறது" என்றார். கடைசியில் வாங்கியது ஒருவர் பாவித்த, குட்டையான, பாரம் குறைந்த ஒன்று. அந்தப் பூசைக்கு அடுத்த கிழமை மகளுக்குப் பன்னிரண்டு முடியும். தாயும் தகப்பனும் ஒப்பமிட்டால் அவள் உண்மையான குண்டு சுடலாம். பத்திரம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தில் தொங்கியது. மனைவி ஒப்பமிட்டுவிட்டாள். என் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

காரணம் தம்பி. நான் ஜெர்மனிக்கு வந்தபோது அவனுக்கு ஆறு வயது. பதினாறு வயதில் அவன் இயக்கத்துக்குப் போய்விட்டான் என்று ஊரிலிருந்து அம்மா கடிதம் எழுதினார். அப்போது நான் பிராங்பேர்ட்டில் ஓர் உணவகத்தில் சமையல். கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, கூட வேலை செய்தவர்களிடம், "எங்கடை வீட்டிலையும் ஒருத்தன் இயக்கத்துக்குப் போயிட்டான்" என்றேன். அவர்கள் என் தோளில் தட்டினார்கள். உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அவனைத் திருப்பிக் கூப்பிடுங்கோ என்று ஒரு வரி எழுதவில்லை. சண்டையெல்லாம் முடிந்தபின் எப்படியோ தப்பி இங்கே வந்தான். மீன் விலை பேசுவோம், கால்பந்து பேசுவோம். அந்த வருடங்களை அவனும் எடுக்கமாட்டான், நானும் கேட்கமாட்டேன். மகள் சுடப் பழகுவதையும் அவனுக்குச் சொல்லாமலே இரண்டு வருடம் ஓட்டியிருந்தேன்.

"சித்தப்பா, என்ரை துவக்கைப் பாருங்கோ!" என்று மகள் அவனைக் கையில் பிடித்து இழுத்து வந்தாள். அவன் தொடவில்லை. நிலத்தில் சப்பணமிட்டு இருந்தான்.

"என்னென்ன பழக்கினவை, சொல்லு பாப்பம்."

மகள் ஒப்புவித்தாள். குழல் எப்போதும் இலக்கை மட்டும் பார்க்கவேணும். விரல் வெளியில். சொல்லும்வரை குண்டு போடக்கூடாது. சொல்லும்வரை சுடக்கூடாது.

"சொன்னா?"

"சொன்னாச் சுடுறதுதானே!"

"எதுக்கெண்டாலும்?"

"ஐயோ சித்தப்பா, அது வெறும் காகிதம்!" அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"ஆராவது நிப்பாட்ட நினைச்சா?"

"ஸ்டொப் எண்டு கத்தலாம். ஆரும் கத்தலாம், சின்னாக்களும்தான். கத்தினா எல்லாரும் கீழை வைக்கவேணும். ட்றெயினரும் வைக்கவேணும்."

தம்பி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "ட்றெயினருமோ?"

"ஓம்."

"நீ கத்துவியோ?"

மகள் தலையைக் குனிந்தாள். வகுப்பில் இவள் குரல் கேட்பதேயில்லை என்று ஒவ்வொரு வருடமும் ஆசிரியர் முறையிடும் பிள்ளை அவள்.

தம்பி எழும்பிப் போய், குளிர்சாதனப் பெட்டியில் தொங்கிய பத்திரத்தை வாசித்தான். "அண்ணை, இப்ப கையெழுத்து வையாதேங்கோ" என்றான். பிறகு அவளிடம், "வா வெளியாலை."

வீட்டுக்குப் பின்னால் பீட்ரூட் கிண்டிய வயல், சேறாகக் கிடந்தது. அவளை ஓரத்தில் நிறுத்திவிட்டு அவன் பத்தடி நடந்தான். "இப்ப கத்து."

"ஸ்டொப்."

"கேக்கேல்லை!" திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டே இருந்தான். அவள் மறுபடி கத்தினாள். "கேக்கேல்லைப் பிள்ளை!" அயல்வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்தார், ஒன்றுமில்லை என்று கைகாட்டினேன். "அப்பா, வெக்கமாக் கிடக்கு" என்றாள் மகள். அவன் பாதி வயலைத் தாண்டிவிட்டான். பூசைக்கு உடுத்திய வேட்டியின் கரை முழுக்கச் சேறு.

அவள் இரண்டு கையையும் பொத்திப் பிடித்துக்கொண்டு ஒரு கத்துக் கத்தினாள். அப்படியொரு குரல் அவளிடம் இருந்தது எனக்கே தெரியாது. வயலில் இருந்த காகங்கள் எல்லாம் எழும்பின. தம்பி நின்றான்.

நின்றவன் திரும்பவில்லை. "சித்தப்பா, கேட்டதோ?" என்றாள். "அப்பா, நான் ஏதும் பிழையாச் சொன்னனானோ?" என்று என் கையைப் பிடித்தாள்.

அன்று மாலையே ஒப்பமிட்டேன். பேனை தந்தது தம்பி. இப்போது மகள் கார்ஹிங் என்ற ஊரில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சனிக்கிழமைகளில் அங்கே சிறு பிள்ளைகளுக்குச் சுடப் பழக்குகிறாள். முதல் நாள் கத்தத்தான் பழக்குவாளாம். தம்பியும் பூசைக்கு வருகிறான். மீன் விலை பேசுகிறோம்.

ஆனால் அந்தக் கத்தலுக்கும் பேனைக்கும் இடையில் ஒரு வயல் இருந்தது. அவனைக் கூட்டிவர நான்தான் சேற்றில் இறங்கினேன். அவனது முதுகு மட்டும் தெரிந்தது. தோள் குலுங்குவது போலவும் இருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தேன். பன்னிரண்டு முடியாத பிள்ளைக்கு வந்த குரல் எனக்கு வரவில்லை. அவன் நின்ற இடம்வரை நடந்தே போனேன்.