வெல்டர் காந்திமதி

காந்திமதிக்கு வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரில் பெயருக்கு முன்னால் ‘வெல்டர்’ என்று போட்டிருந்தார்கள். காந்திமதிக்கு வெல்டிங் தெரியாது. வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பற்றவைத்திருக்கிறாள். அதுவும் ஒழுகியது.

வடக்குப்பட்டில் கம்பெனி பஸ் ஏறி, ஒரகடத்தில் சைலன்சர் செய்யும் ஆலைக்குப் பதினோரு வருஷம் போனாள். குழாயை அதற்கான இடத்தில் பொருத்த வேண்டும். இரண்டு பச்சைப் பட்டன்களை இரண்டு உள்ளங்கைகளாலும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் ஓரடி நகர வேண்டும். ரோபோ கை இறங்கி வந்து நாற்பது விநாடியில் பற்றவைத்துவிட்டுப் போகும். ஒரு ஷிப்டுக்கு நானூறு தடவை.

சேர்ந்த புதிதில் தோல் ஏப்ரனும் கறுப்புக் கண்ணாடியுமாக எடுத்த போட்டோ தெருவில் சுற்றியது. ‘வெல்டரக்கா’ ஆகிவிட்டாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டாள். அப்புறம் சொல்ல வெட்கமாகிவிட்டது. கட்டில் கால் உடைந்தது, சைக்கிள் கேரியர் விட்டுப்போனது என்று வந்தவர்களிடம், வீட்டுக் கரண்ட் தாங்காது, கம்பெனி மெஷின்தான் கைக்குப் பழக்கம் என்று சொல்லி அனுப்பினாள். இரண்டாவது பாதி உண்மை.

எதிர்வீட்டு சக்திகுமார் மனை புரோக்கர். பழைய டர்போ கார் ஒன்று வாங்கினான். வேகம் போதாமல் மெக்கானிக் சாம்சனிடம் சொல்லி இன்னும் ஏற்றினான். இப்படி ஏற்றிய இஞ்சினில் பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் சேர்ந்து எரிகிறதா என்று பார்க்கத் தனியாக ஒரு மீட்டர் மாட்ட வேண்டும் என்றார் சாம்சன். மீட்டர் டேஷ்போர்டில் இருக்கும். அதன் சென்சார், டர்போவைத் தாண்டிய புகைக்குழாய்க்குள் மூக்கை நீட்டி மோப்பம் பிடிக்கும். அதைத் திருகுவதற்குக் குழாயில் ஓட்டை போட்டு, மரை போட்ட வளையம் ஒன்றைப் பற்றவைக்க வேண்டும். சாம்சன் அந்த வேலையை ஸ்ரீபெரும்புதூருக்குக் கொடுத்தனுப்புவார். நம் தெருவிலேயே ஆள் இருக்கும்போது எதற்கு என்று சக்திகுமார் குழாயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். கூடவே வாடகைக்கு வெல்டிங் மெஷின், முகமூடி.

“கரண்டு தாங்காதுன்னுதானக்கா சொல்லுவ? தோ, ஜெனரேட்டரு கீது,” என்றான்.

சாக்கு தீர்ந்துவிட்டது. தெரு கூடி நின்றது. காந்திமதி முகமூடியைப் போட்டுக்கொண்டாள். அதில் ஒரு வசதி, முகம் தெரியாது. ராடை வைத்தாள். பொறி பறந்ததும் கால் தானாக ஓரடி பின்னால் போனது. கையும் ராடும் கூடவே போயின. கிட்டே வந்து மறுபடி வைத்தாள். மறுபடி கால் பின்வாங்கியது. வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் இருபது தடவை போய்ப் போய் வந்தாள். தெரு அதைக் கம்பெனி முறை என்று எடுத்துக்கொண்டது. சக்திகுமார் முழுவதையும் வீடியோ எடுத்தான்.

மறுநாள் காலை சாம்சன் வந்து குழாயை மாட்டி, சென்சாரைத் திருகி, வண்டியை ஸ்டார்ட் செய்தார். நின்றபடி ஓடும் வண்டியில் பதினாலே முக்கால் காட்ட வேண்டிய மீட்டர் பதினேழரை காட்டியது. பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்று அர்த்தம். லேப்டாப்பைத் திறந்து பெட்ரோலைக் கூட்டினார். பதினேழு. இன்னும் கூட்டினார். சைலன்சர் கறுப்பாகக் கக்கியது. பக்கத்து வீட்டில் கலைமணி காயப்போட்டிருந்த வெள்ளை யூனிபார்ம் சாம்பல் நிறமானது. மீட்டர் பெட்ரோல் போதாது என்றது. புகை, போதும் நிறுத்து என்றது.

சக்திகுமார் சாம்சன் மேல் பாய்ந்தான். வேலை தெரியாதவன் வண்டியில் கைவைத்துவிட்டதாக எல்லா குரூப்பிலும் போடப்போவதாகச் சொன்னான். சாம்சன் லேப்டாப்பை மூடினார், திறந்தார். அவருக்குக் கடைக்குப் போர்டு கூடக் கிடையாது. பெயர் ஒன்றுதான்.

காந்திமதி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆலையில் அவளுக்கு அடுத்த மேடை லீக் டெஸ்ட். குழாயைத் தண்ணீரில் முக்கிக் காற்றடிப்பார்கள், குமிழி வந்தால் கழித்துவிடுவார்கள். பற்றவைத்த இடத்தில் ஓட்டை இருந்தால் புகை விட்டுவிட்டு வெளியே கசியும், இடையிடையே வெளிக்காற்று உள்ளே போகும், சென்சார் அதையும் மோந்துவிட்டுக் காற்று அதிகம் என்று சொல்லும். இது அங்கிருந்தவர்களில் அவளுக்குத்தான் முதலில் புரிந்தது. வாயை மூடிக்கொண்டால் அவள் வெல்டர். சாம்சன் பெயர் போகும்.

பாத்திரம் தேய்க்கும் சோப்பை ஒரு மக்கில் கரைத்துக்கொண்டு வந்தாள். இஞ்சினை அணைக்கச் சொன்னாள். குழாய் ஆறட்டும் என்று ஒரு மணி நேரம் அவர்களை நிற்கவைத்தாள். எதற்கென்று சொல்லவில்லை. வேடிக்கை பார்த்தவர்கள் சலித்துக் கலைந்தார்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்யச் சொல்லி, பானெட்டுக்குள் குனிந்து வளையத்தைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரை ஊற்றினாள். ஐந்து இடத்தில் குமிழி கிளம்பியது. ஒன்று எலுமிச்சம்பழ அளவுக்கு ஊதி, சக்திகுமார் மூக்கருகே வந்து உடைந்தது.

“சாம்சன் மேல தப்பு இல்ல, சக்தி. எனக்கு வெல்டிங் தெரியாது. அங்க ரோபோதான் பத்தவெக்கும். நான் பட்டன் அமுக்குவேன்.”

சக்திகுமார் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான்.

“வெளிய சொல்லிடாதக்கா,” என்றான் மெல்ல. “ஊரையே கூப்ட்டு வெச்சி வீடியோ எடுத்துகினு இருந்தேன். என்னைத்தான் கேனயன்னு சொல்லுவானுங்க.”

சொல்லிவிடுகிறேன், பாரமாக இருக்கிறது என்றாள் காந்திமதி. அவன் கையெடுத்துக் கும்பிட்டான். சாம்சன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, குமிழி வந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டுத் தரச் சொன்னார். வட்டங்கள் அச்சுப் போல இருந்தன.

மூன்றாம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் பற்றவைத்து வந்த குழாயோடு மீட்டர் பதினாலே முக்கால் காட்டியது. சக்திகுமார் அந்த எண்ணைப் படம் பிடித்து, வெல்டரக்கா கைவண்ணம் என்று எழுதி ஊர் குரூப்பில் போட்டான்.

அதைப் பார்த்துவிட்டு ஊர்க்காரர் திருமலை, கீல் விட்டுப்போன இரும்பு கேட்டைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். தனக்கு வெல்டிங் தெரியாது என்று காந்திமதி அவரிடம் தெளிவாகச் சொன்னாள். திருமலை சிரித்தார். அவசரமில்லை, கை ஒழியும்போது செய்தால் போதும் என்று கேட்டைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார்.

காந்திமதி போன பிறகும் கேட் அங்கேயேதான் நிற்கிறது. எடுத்துப்போகச் சொல்ல அவள் வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. திருமலையும் கேட்கவில்லை.