கியரில் போட்ட வண்டி உருளுமா

திருநகரைத் தாண்டி, திருமங்கலம் போகிற ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். அன்று அங்கே கல்யாணம் இல்லை. வாசல் முழுக்கச் சேறு காய்ந்த பிக்கப் வண்டிகள் நின்றன, எல்லாம் நாலு சக்கரமும் இழுக்கிற ரகம். வண்டியை வடிவமைத்த இன்ஜினியர்களே நேரில் வருகிறார்கள், குறைநிறை எதுவானாலும் கேட்கலாம் என்று ஷோரூமிலிருந்து எல்லாருக்கும் போன் வந்திருந்தது. மதியச் சாப்பாடும் உண்டு என்றார்கள். நான் சாப்பாட்டுக்குப் போகவில்லை. என் தம்பிக்காக ஒரு கேள்வி கேட்கப் போனேன்.

கேள்வி அவனுடையது. பேரையூரிலிருந்து கிளம்பும்போதே சொல்லிவிட்டான்.

“அக்கா, ஒண்ணே ஒண்ணுதான். பர்ஸ்ட் கியர்ல போட்டு ஆப் பண்ணுன வண்டி தானா உருளுமா? அத மட்டும் கேளு. உருளாதுன்னு அவங்க சொல்லிட்டா, நான்தான் மறந்துட்டேன்னு நானும் நம்பிக்கிறேன். திங்கக்கெழம திருப்பூருக்கு வேலைக்குப் போறேன். அதுக்கு மேல இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்.”

“நீயே கேக்க வேண்டியதுதானடா, வாயில என்ன கொழுக்கட்டையா?”

“நான் சொன்னா எவன் நம்புறான்?”

அவனை முதலில் நம்பாதவளே நான்தான்.

போன வருஷம் ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில் நடந்தது. மலையடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மக்காச்சோளக் காடு உண்டு. மூட்டை ஏற்ற வண்டியை ஓட்டிப்போனது நான். எங்கள் ஊரில் பிக்கப் ஓட்டுகிற பொம்பளை நான் ஒருத்திதான். அதற்காக நான் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. ஓடைச் சேற்றைத் தாண்டிக் கண்மாய்க் கரைச் சரிவில் பாதி ஏறியபோது, ஆட்கள் மூட்டைகளை ஈரத்தில் இறக்கி வைத்திருப்பது தெரிந்தது. எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, “நீ வண்டியப் பாரு” என்று பக்கத்தில் இருந்த தம்பியிடம் சொல்லிவிட்டுக் கத்திக்கொண்டே குதித்துவிட்டேன். அவன் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து வந்து, முதல் கியரில் போட்டு ஆப் பண்ணிவிட்டு இறங்கினான்.

அப்படித்தான் அவன் சொன்னான். நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஹேண்ட் பிரேக்கை யாரும் முழுசாக நம்புவதில்லை. கியரில் போடுவோம், பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுப்போம். அன்று அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனவர் எங்கள் அப்பா. அதற்குள் ஆட்கள் நாலைந்து மூட்டையை ஏற்றியிருந்தார்கள். பாரம் ஏறியதும் ஹேண்ட் பிரேக் வழுக்கியது, வண்டி பின்னால் உருண்டது. சக்கரத்தில் சிக்கிய அப்பாவின் வலது காலை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பள்ளத்தில் கிடந்த வண்டியை டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தபோது சக்கரங்கள் லகுவாகச் சுற்றின. “பயபுள்ள நியூட்ரல்ல விட்டுட்டு எறங்கிருக்கான்” என்று ஊரே முடிவுகட்டியது. கேபினுக்குள் யார் யாரோ ஏறி எதையெதையோ இழுத்திருந்ததால், கியர் எதில் கிடந்தது என்று சாட்சி சொல்ல ஆளில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன், “பர்ஸ்ட்லதான் போட்டேன், சத்தியமாப் போட்டேன்” என்று அழுதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கியர்ல போடத் துப்பில்லாதவனுக்கு ஸ்டீயரிங் எதுக்குடா? இதுல பொய் வேற.” ஸ்ட்ரெச்சரில் கிடந்த அப்பாவுக்கு அது கேட்டது.

அதற்குப் பிறகு அப்பா அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே வீடு, ஒரே உலைச் சோறு. ஆனால் ஒரு சொம்புத் தண்ணீர் வேண்டுமென்றாலும் எதிரில் இருக்கிற அவனை விட்டுவிட்டு, அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்ட எனக்குப் போன் போடுவார். அவனும் வண்டியைத் தொடுவதில்லை. மண்டபத்துக்கும் நான்தான் ஓட்டினேன். அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தான்.

மேடையில் மூன்று பேர். நடுவில் கொஞ்சம் வயதான பெரிய இன்ஜினியர், ஒரு பக்கம் ஷோரூம் மேனேஜர், இன்னொரு பக்கம் லேப்டாப்போடு ஓர் இளம்பெண், அவளும் இன்ஜினியர்தான். ஆரம்பத்தில் எல்லாம் கலகலப்பாகத்தான் போனது. அழகர்கோவில் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிற ஒருவர் எழுந்து, “ஏண்ணே, ஒரு ஓடையத் தாண்டுனா பின் ஆக்ஸில்ல தண்ணி ஏறுது. காத்துப் போற ஓட்டைய அம்புட்டுக் கீழயா வப்பீக? நான் மருந்தடிக்கிற டியூப வெட்டி மேல இழுத்துக் கட்டிருக்கேன், ஒரு சொட்டு ஏறல. அந்த டியூபுக்குக் கம்பெனில எனக்கு ஒரு வேல போட்டுக் குடுங்க” என்றார். மண்டபமே சிரித்தது. பெரிய இன்ஜினியரும் சிரித்தார். எதைக் கேட்டாலும் “நோட் பண்ணிக்கிறோம்” என்றார். அந்தப் பெண் மட்டும் உண்மையாகவே குறித்துக்கொண்டிருந்தாள்.

நான் கையைத் தூக்கித் தூக்கித் தோள் வலித்தது. மைக் என்னைத் தாண்டித் தாண்டிப் போனது. கடைசியில் மேனேஜர் என்னைப் பார்த்து, “மேடம், சார் வரலையா?” என்றார்.

“சார் வீட்ல மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருக்காரு. வண்டி ஓட்டுறது நான். மைக்கக் குடுங்க.”

கேட்டேன். கரைச் சரிவு, மூட்டை, அப்பாவின் கால், எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேட்டேன். சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. பெரிய இன்ஜினியர் மைக்கை எடுத்தார்.

“ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். ஆனா கியர்ல இருக்கிற வண்டி உருள சான்ஸே இல்ல. இன்ஜின் பிடிச்சுக்கும். உருண்டுச்சுன்னா, டிரைவர் கியர் போடலன்னுதான் அர்த்தம்.”

தம்பி எழுந்து வாசலைப் பார்த்து நடந்தான். அந்த நேரம் பார்த்து மேடையில் அந்தப் பெண் பெரியவரின் காதில் குனிந்து என்னவோ சொன்னாள். அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு தலையை ஆட்டி அடக்கினார். அவள் மறுபடியும் சொன்னாள். மறுபடியும் அடக்கினார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! “அந்தப் பிள்ள என்னமோ சொல்லுதுல்ல, அத மைக்ல சொல்லச் சொல்லுங்க. ஒரு மனுசன் கால் போயிருக்கு, அங்க என்ன குசுகுசுன்னு?”

“மேடம், அது வேற டெக்னிக்கல் விஷயம்...”

“எதுவா இருந்தாலும் சொல்லச் சொல்லுங்க!” இது நான் இல்லை, மாந்தோப்புக்காரர். அவருக்குப் பின்னால் பத்துப் பேர் எழுந்து நின்றார்கள். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

அந்தப் பெண் எழுந்தாள். மைக்கை வாங்கினாள். “ஒரு நிலைமையில உருளும்” என்றாள். “கியருக்குப் பக்கத்துல சின்ன லீவர் ஒண்ணு இருக்குல்ல, ரெண்டு சக்கரமா, நாலு சக்கரமா, சேறு மேட்டுக்கு இழுக்கிற லோவான்னு மாத்துறது. லோவுல இருந்து திரும்ப மாத்தும்போது நடுவுல ஒரு நியூட்ரல் வரும். லீவர் அதுல நின்னுட்டா, பர்ஸ்ட் கியர் போட்டிருந்தாலும் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இருக்காது. ஹேண்ட் பிரேக் மட்டும்தான் பிடிக்கும்.”

மண்டபம் சந்தைக்கடை ஆகிவிட்டது. சும்மா பேசாதே, வெளியே நிற்கிற உங்கள் வண்டியிலேயே செய்துகாட்டு என்று எல்லாரும் ஒரே பிடியாக நின்றார்கள். ஓட்டிப் பார்ப்பதற்காக மண்டபத்துக்குப் பின்னால் மண்ணைக் குவித்து ஒரு மேடு போட்டிருந்தார்கள். கீழே கல் அடுக்கி, எல்லாரையும் விலக்கிவிட்டு, அந்தப் பெண்ணே வண்டியை ஏற்றி நிறுத்தினாள். முதல் கியர். இன்ஜின் ஆப். ஹேண்ட் பிரேக்கை மெல்ல விட்டாள். வண்டி அசையவில்லை. மறுபடி ஏற்றி, சின்ன லீவரை நடுவில் நிறுத்தி, அதே முதல் கியர், அதே ஆப். ஹேண்ட் பிரேக்கை விட்டதும் வண்டி சத்தமே இல்லாமல் இறங்கி வந்து கல்லில் இடித்து நின்றது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் தம்பி ஓடினான். எங்கிருந்து வந்தான் என்றே தெரியவில்லை. ஜன்னலுக்குள் தலையை விட்டுக் கியரைப் பார்த்தான்.

“பர்ஸ்ட்லதான் இருக்கு. அக்கா, பர்ஸ்ட்லதான் இருக்கு!”

அவ்வளவு பேர் முன்னால் விக்கி விக்கி அழுதான். நானும் அழுதேன். சரி, நான் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க முடியாவிட்டாலும், அப்பாவிடம் போய்ச் சொல்ல ஒரு வழி பிறந்துவிட்டது என்று நினைத்தேன்.

“நடுவுல நிக்கிதுன்னு டிரைவருக்கு எப்படித் தெரியும்?” என்று யாரோ கேட்டார்கள். வண்டியோடு தருகிற புத்தகத்தில் எச்சரிக்கை இருக்கிறது என்றார் பெரியவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த ஒருவர், அவர் ஒருவர்தான் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார், கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் தேடிப் பிடித்து வாசித்தார். எறும்பு எழுத்தில் இரண்டே வரி. “இத இவ்வளவு பொடிசா அடிச்சுப்புட்டு, டாஷ்போர்டுல ஒரு விளக்கு வைக்க மாட்டீங்களா?” என்று கேட்டார். பதில் சொன்னது அந்தப் பெண்தான். “விளக்கு நாலு சக்கரத்துல இருக்கும்போது மட்டும் பச்சையா எரியும். ரெண்டு சக்கரத்துக்கு வந்தா அணையும். நடுவுல நின்னாலும் அணைஞ்சிடும். அது எங்க தப்புதான் சார். நான் எழுதிக் குடுக்கிறேன்.” அவள் எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். பிற்பாடு எங்கள் எல்லாருக்கும் கம்பெனியிலிருந்து, சின்ன லீவரை நடுவில் விடாதீர்கள் என்று ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் வந்தது.

பிறகு அவள் என் தம்பியிடம் திரும்பினாள். “அண்ணா, அன்னைக்கு நீங்க சின்ன லீவரைத் தொட்டீங்களா?”

“இல்லங்க. நான் கியர் மட்டும்தான் போட்டேன்.”

“அப்ப உங்களுக்கு முன்னாடி ஓட்டினது யாரு?”

பச்சை விளக்கு. ஓடைச் சேற்றிலிருந்து லோவில் ஏறிவந்து, சரிவில் நிறுத்தி, அந்த லீவரைப் பிடித்து இழுத்தது என் கை. பாதியில் இறுகியது. விளக்கு அணைந்தது. சரி, மாறிவிட்டது என்று விட்டேன், ஏனென்றால் அதே நொடியில்தான் ஈரத்தில் கிடந்த மூட்டைகள் கண்ணில் பட்டன. தம்பி என்னைப் பார்த்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது.

“ஞாபகம் இல்லங்க” என்றான் அவளிடம்.

ஒரு வருஷத்துக்கு மேலாக ஊரெல்லாம் பொய்யன் என்று சொன்ன பிள்ளை, எனக்குத் தெரிந்து அன்றுதான் பொய் சொன்னான்.

சாப்பிடாமல் கிளம்பினோம். திருமங்கலம் தாண்டினோம். பிறகு அவன் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

“அப்பாட்ட கம்பெனி மேல தப்புன்னு மட்டும் சொல்லு. எனக்கு அது போதும். மத்தது எதுக்கு? பொம்பளைட்ட வண்டியக் குடுத்தா இப்பிடித்தான்னு ஊரே உன்னப் பிடிச்சுத் திங்கும்.”

ஆசையாகத்தான் இருந்தது. பொய்கூட இல்லையே, கம்பெனி மேல் தப்பு இருக்கத்தானே செய்கிறது! வழி நெடுக அதையே மனசுக்குள் பூசி மெழுகிக்கொண்டு வந்தேன்.

அப்பா களத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, காயப்போட்ட சோளத்துக்கு ஆடு வராமல் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைக்கால் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. சுடுகிறது என்று மதியத்தில் கழற்றி வைத்துவிடுவார்.

“என்னத்தா சொன்னாங்க?”

சொன்னேன். கியரில் போட்ட வண்டி உருளும் என்று சொன்னேன். அவன் கியரில்தான் போட்டிருந்தான் என்று சொன்னேன். அதோடு நிறுத்த நினைத்த வாய் நிற்கவில்லை. “அந்தச் சின்ன லீவரப் பாதில விட்டுட்டுக் குதிச்சது நான்தாம்ப்பா. அவன் பொய் சொல்லல. நான்தான் அன்னைக்கு அவனப் பொய் சொல்றான்னேன்.”

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் இருந்த கம்பால் சோளத்தை ஒரு தரம் தள்ளிவிட்டார். வாசலில் நின்றவனை நேராகப் பார்த்தார்.

“டேய், வண்டி வெயில்ல கெடக்கு பாரு. எடுத்து நெழல்ல போடு.”

அவன் நகராமல் நின்றான். சாவியை நான்தான் அவன் கையில் வைத்தேன். கிடங்குக்குப் பக்கத்தில் கொஞ்சம் மேடான இடம். அங்கே ஏற்றி நிறுத்தி, சின்ன லீவரை ஒரு தரம் பார்த்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு அவன் இறங்கினான். கல்லைத் தேடினான்.

கல்லை நான் எடுத்துக்கொண்டேன். வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து, சக்கரத்துக்கு அடியில் வைத்தேன்.