வெள்ளம் கேட்டவள்

எங்கள் வீட்டில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. வெள்ளம்தான் குடிப்போம். திருவனந்தபுரம் ஆரியசாலையில் மூன்று தலைமுறையாக மளிகை மொத்த வியாபாரம் செய்த தமிழ்க் குடும்பம் எங்களுடையது. வீட்டில் பேசுவது தமிழ்தான். ஆனால் பள்ளிக்கூடம், பஸ், பக்கத்து வீடு எல்லாம் மலையாளம் என்பதால், எங்கள் தமிழுக்குள் எந்தச் சொல் எங்கிருந்து வந்து குடியேறியது என்று எங்களுக்கே தெரியாது. "மோளே, வெள்ளம் வந்தாச்சு, மோட்டாரப் போடு" என்று அம்மா மாடியிலிருந்து கத்துவாள். அது சுத்தத் தமிழ் என்றே நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்த கூத்துக்கெல்லாம் இந்த ஒரு வார்த்தைதான் காரணம்.

என் முப்பத்தாறாவது வயதில், என் கல்யாணப் பேச்சை வீட்டில் எல்லோரும் கைகழுவிவிட்ட பிறகு, கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் எங்கள் அலுவலகத்துக்கு மேல்மாடியில் வேலை பார்த்த ஒருவரை எனக்குப் பிடித்துப்போனது. அவர் தூத்துக்குடிக்கு வடக்கே கரிசல்காட்டு ஊர்க்காரர். மனைவி காய்ச்சலில் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒன்பது வயதில் ஒரு மகள் இருந்தாள். அவர் மூன்று பேரோடு ஒரு வாடகை ஃபிளாட்டில் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் தூங்கிக்கொண்டிருந்ததால், மகள் ஊரில் அவருடைய அக்காவிடம் வளர்ந்தாள். கல்யாணம் ஆனதும் அவளை இங்கே கூட்டிவந்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். அந்தப் பிள்ளை தன் வாயால் வருகிறேன் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம். இதைப் பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு குழந்தை எனக்குப் பயந்துகொண்டு என் வீட்டுச் சுவரோரமாக நடப்பதை என்னால் தாங்க முடியாது, அவ்வளவுதான்.

"அப்போ நேர்ல வந்து பாரு" என்றார் அவர். "ஆத்தங்கரை ஊர்தான். அமைதியா இருக்கும்."

ஆற்றங்கரை என்றதும் எனக்குக் கரமனை ஆறுதான் தெரியும். படித்துறை, சாய்ந்த தென்னை, பச்சைக் கலங்கல் தண்ணீர். நான் பாட்டுக்கு ஒரு மாற்றுச் செருப்பும் மடக்குக் குடையும் எடுத்துவைத்துக்கொண்டு புரட்டாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டேன். குடை இல்லாமல் வாசல்படி தாண்டுவது எங்கள் ஊர்க்காரர்களால் ஆகாத காரியம்.

திருநெல்வேலி தாண்டி இரண்டாவது பஸ்ஸில் ஏறியதிலிருந்து ஜன்னலுக்கு வெளியே பச்சை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கடைசியில் கறுப்பு மண்ணும், உடைமரமும், தள்ளித் தள்ளி நின்ற பனைகளும்தான் மிஞ்சின. மண்ணில் என் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு. "இங்க என்ன விளையும்?" என்று கேட்டேன். "மிளகாய், மல்லி, கம்பு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் கடையில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்த குண்டு வற்றல் இந்தப் பாதிப் பாலைவனத்திலிருந்தா வந்தது? அந்த மூட்டைகளின் மேல் படுத்துத்தான் நான் வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேன். மிளகாய் எங்கே விளைகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"ஆறு எங்கே?"

"இதுதான்" என்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் காட்டினார்.

அரை மைல் அகலத்துக்கு வெறும் மணல். அக்கரையில் ஊர். பாலம் சுற்றுவழி என்பதால் எல்லோரும் ஆற்றுக்குள்ளேயே இறங்கி நடப்பார்களாம். சைக்கிள் தடம், ஆட்டுத் தடம், டிராக்டர் தடம் எல்லாம் நடு ஆற்றில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. அங்கங்கே பெண்கள் குழி தோண்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஓரத்தில் கிரிக்கெட், இன்னொரு ஓரத்தில் பெரிய ஆட்டு மந்தை. ஆறு என்று பெயர் வைத்துவிட்டு அதில் ஒரு சந்தையே நடத்துகிறார்களே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். ஒவ்வொரு குழியாக நின்று எட்டிப் பார்த்தேன். பைகளைத் தூக்கிக்கொண்டு அவர் வெகுதூரம் முன்னால் போய்விட்டார். தண்ணீர் பாட்டிலும் அவரோடு போய்விட்டது.

நடு ஆற்றில் எனக்கு நாக்கு வறண்டது. மணலில் கால் புதைகிறது, கூப்பிட்டால் அவர் காதில் விழவில்லை. இரண்டு கையையும் வாயில் குவித்து, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"வெள்ளம்! வெள்ளம்! வேகம் வாங்க, வெள்ளம்!"

அடுத்த நிமிடம் ஆறே எழுந்து ஓடியது. குழியிலிருந்த பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டும் போட்டுவிட்டும் கரையைப் பார்த்து ஓடினார்கள். கிரிக்கெட் மட்டை பறந்தது. ஆட்டுக்காரர் ஏதோ ஒலியெழுப்ப, மந்தை முழுவதும் என்னைச் சுற்றிக்கொண்டு பாய்ந்தது. எனக்கு எதுவும் புரியவில்லை. எல்லோரும் ஓடுகிறார்களே என்று நானும் ஓடினேன்.

கரையில் மூச்சிரைக்க நின்றபோதுதான் விஷயம் விளங்கியது. அந்த ஆற்றில் வெள்ளம் சொல்லாமல் வரும். ஊரில் ஒரு பொட்டு மழை இருக்காது, மேற்கே மலையில் பெய்தோ, அணையைத் திறந்தோ, ஆள் உயரத்துக்கு உருண்டு வந்துவிடும். முதலில் பார்ப்பவர் கத்த வேண்டும், கேட்டவர் திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். கத்த வேண்டிய வார்த்தையைத்தான் நான் கத்தியிருந்தேன்.

"குடிக்கத்தான் கேட்டேன்" என்றேன். "வெள்ளம்னா எங்க ஊர்ல தண்ணியாக்கும்."

ஆட்டுக்காரர்தான் முதலில் சிரித்தார். ஒருவர் விடாமல் சிரித்தார்கள், ஒரே ஒரு சிறுமியைத் தவிர. உடைந்த நீலப் பிளாஸ்டிக் குடத்தின் கழுத்தை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தபடி நின்றாள். ஓடும்போது கீழே விழுந்திருக்கிறாள். முட்டியில் ரத்தம்.

"இவதான்" என்றார் அவர், மெதுவாக, என் பக்கத்தில் வந்து.

அவர் அக்கா என்னைவிட உயரம், குரலும் உயரம். அவர் கணவர் லாரி ஓட்டப் போய்விட்டால் உழவு, விதைப்பு எல்லாம் அக்காதான். "வாங்க வாங்க, ஊரையே கரையேத்துன மகராசி" என்றுதான் வரவேற்றார். ஒரு செம்பு நிறையக் கொடுத்துவிட்டு, "இது தண்ணி. நல்லாப் பாத்துக்கிடுங்க, தண்ணி" என்றார். நானும் சிரித்து வைத்தேன். அறைக்குள் போன சிறுமி வெளியே வரவே இல்லை.

எனக்கு வருத்தம் வந்தாலும் வாய் சும்மா இருக்காது. சாயங்காலம் அக்காவோடு காட்டுக்குப் போனேன். காய்ந்த புழுதியில் கம்பு விதைத்திருந்தார். மழையே இல்லாமல் விதையா என்று கேட்டேன். மழைக்கு முன்னாடியே போட்டு வைத்தால்தான் முதல் மழையில் முளைக்குமாம். மழை வராவிட்டால்? வராவிட்டால் எறும்புக்கு. எறும்பு எவ்வளவு தின்னும்? எத்தனை நாள் விதை காத்திருக்கும்? அதற்கு எப்படித் தெரியும் எது நல்ல மழை என்று?

"ஏம்மா, நீங்க வேலை பாக்கறது கம்ப்யூட்டர்லயா, இல்ல போலீஸ்லயா?" என்றார் அக்கா.

மறுநாள் விடிந்ததும் ஊர்க் கடையைத் திறக்கச் சொல்லி, இருப்பதிலேயே பெரிய பச்சைக் குடம் ஒன்றை வாங்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். சிறுமி தன் ஊற்றின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஊற்று என்றால் மணலில் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி. அடியில் தண்ணீர் கசிந்து கசிந்து ஊறும். நான் குடத்தை நீட்டினேன். அவள் அதை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இம்புட்டுப் பெருச யாரு தூக்குவா?"

அதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"ஞான் தூக்கறேன்" என்றேன். பதற்றத்தில் மலையாளம் கலந்தே வரும் எனக்கு.

குனிந்து அள்ளப் போனேன். "மொதத் தண்ணி கலங்கல். அத வெளிய எறைச்சிட்டுக் காத்திருக்கணும்" என்றாள். இறைத்தேன். காத்திருந்தோம். ஊறி வருவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு அலுக்கவே இல்லை. மணலுக்குள் ஒரு ஓரத்திலிருந்து மட்டும் ஏன் வருகிறது என்று கேட்டேன். மேற்கிலிருந்துதான் வருமாம், ஆறு கீழே ஓடிக்கொண்டுதான் இருக்கிறதாம். "மேலதான் தெரியாது" என்றாள்.

"சிரட்டைய எடுங்க."

"தேங்காய் ஓட்டுக்கு எங்க ஊர்லயும் சிரட்டைதான்!" என்று கூவிவிட்டேன். அவள் நம்பவில்லை. சிரட்டையால் அள்ளி அள்ளி ஊற்றினேன். குடம் நிறைகிற வழியாக இல்லை. அதற்குள் அவள் கேள்வி கேட்க ஆரம்பித்திருந்தாள்.

"உங்க ஊர்ல ஆறு இருக்கா?"

"இருக்கு. வருஷம் பூரா ஓடும்."

"வருஷம் பூராவா? யாரு தொறந்து விடுதா?"

"யாரும் தொறக்க வேண்டாம். அதுவா ஓடும்."

"அப்ப மூடவே மாட்டாகளா?"

"மாட்டாங்க."

"பொய்" என்றாள். ஆனால் எழுந்து போகவில்லை. என் தோள்பையிலிருந்து எட்டிப் பார்த்த குடையை எடுத்து, பொத்தானை அழுத்தி விரித்தாள், மடக்கினாள், திரும்ப விரித்தாள். மேகமே இல்லாத வானத்துக்குக் கீழே, அந்தப் பெரிய மணலில், குடையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்து பார்த்துவிட்டு வந்தாள்.

குடத்தை நான்தான் தூக்கினேன். வீடு போய்ச் சேர்ந்தபோது பாதி குடத்திலும் பாதி என் சேலையிலும் இருந்தது.

அன்று மதியம் கிளம்பும்போது அவர் மகளைத் தனியே கூப்பிட்டு, வருகிறாயா என்று கேட்டார். நான் செருப்பு மாட்டுவதுபோல் வாசலில் நின்றேன். அவள் பதில் எனக்கும் கேட்டது. "எனக்குத் தெரியல. இங்கனதான் நல்லாருக்கு." குடையைத் திருப்பித் தந்தாள். நீயே வைத்துக்கொள் என்றேன். அவள் தலையாட்டினாள், அவ்வளவுதான். பஸ்ஸில் அவர் ஏதேதோ சமாதானம் சொன்னார். நான் நிபந்தனையை நினைவுபடுத்தினேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளையை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பிறகு கல்யாணப் பேச்சே இல்லை. ஐப்பசி முழுவதும் திருவனந்தபுரத்தில் துலாவர்ஷ மழை கொட்டியது. சாயங்காலமானால் கழக்கூட்டம் ஜங்ஷனில் வண்டிகள் நகராது, குடைகள் மட்டும் நகரும். நான் புதுக் குடை வாங்கவில்லை. நனைந்துகொண்டே போனேன், இரண்டு தடவை காய்ச்சலும் வந்தது. அவர் மேல்மாடியிலிருந்து டீ குடிக்க வருவார், நாங்கள் மழையைப் பற்றிப் பேசுவோம். வேறு எதைப் பற்றியும் பேச இருவருக்கும் தைரியமில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவும்போது என் போன் அடித்தது. அவர் அக்காவின் நம்பர். எடுத்தால் அக்கா இல்லை. பின்னால் பெரிய இரைச்சல், லாரி ஒன்று நிற்காமல் போய்க்கொண்டே இருப்பதுபோல.

"கேக்குதா?" என்றது சின்னக் குரல்.

"என்ன சத்தம் அது?"

"நீங்க கேட்டீகல்ல, அது. வந்துருச்சு."

"நான் என்ன கேட்டேன்?"

"வெள்ளம்!" என்று கத்தினாள். சிரிக்கிறாள் என்று தெரிந்தது. "ரெண்டு கரையும் ஒட்டிப் போகுது. நான்தான் மொதல்ல பாத்தேன், நான்தான் கத்துனேன். எல்லாரும் ஓடுனாக. நான் குடைய விரிச்சிட்டுக் கரையில நிக்கேன்."

"தள்ளி நில்லு, கேட்டியா? தள்ளி நில்லு!" என்றேன். கை ஈரத்தோடு போனைப் பிடித்திருந்தேன், அது நழுவப் பார்த்தது.

"தள்ளித்தான் நிக்கேன். அத்தை என் கையப் பிடிச்சிருக்காக." குரலை இறக்கிக்கொண்டு சொன்னாள். "இது நாலஞ்சு நாள்ல வடிஞ்சிரும். அதுக்குள்ள நீங்க வந்து பாருங்க. பாத்துட்டு, போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க. உங்க ஆறு மூடாம ஓடுதான்னு நான் பாக்கணும்."

நான் மேல்மாடிக்குப் படியேறி ஓடினேன். லிஃப்ட் இருப்பதே மறந்துபோயிற்று. அவர் மீட்டிங்கில் இருந்தார். கண்ணாடிக் கதவைத் தட்டினேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெள்ளம்" என்றேன். மேஜையில் இருந்த யாரோ ஒருவர் எழுந்து, எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.